ரொறன்ரோ ராகு காலமும் ஒல்லாந்து விண்ணப்பமும்

கனடாவுக்குப் போய்வந்தவர்கள் எல்லாரும் நயாகராவைப் பற்றிச் சொல்வார்கள். நான் நயாகராவைப் பார்க்கவில்லை. ஏழு நாட்கள் இருந்தேன். பார்த்தது ஒரு மாநாட்டு மண்டபம், நாலைந்து பஸ்கள், ஸ்காபரோவில் ஒரு பிளாசா, வோபர்னில் என் சின்னம்மாவின் குசினி, அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பி இதைச் சொன்னபோது கூட வேலை செய்பவர்கள் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். எனக்கோ அந்த ஏழு நாட்களை நினைத்தால் யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும் போலிருக்கிறது. சொல்ல வேண்டிய ஆட்களில் ஒருவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

முதலில் என்னைப் பற்றி. யாழ்ப்பாணத்தில் கிணறு அளப்பது என் தொழில். பல்கலைக்கழகத்தில் தகுதிகாண் விரிவுரையாளர் என்று பெயர். எங்கள் நிலத்தடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. மேலே இருப்பதை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருப்பது ஏறிவரும். எங்கே, எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பதற்காக மூன்று வருடமாக ஸ்கூட்டரில் கிணறு கிணறாகத் திரிகிறேன். தகுதிகாண் என்றால், குறித்த காலத்துக்குள் கலாநிதிப் படிப்புக்கு, அதாவது பிஎச்.டி.க்கு, எங்காவது இடம் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை இல்லை. எனக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு வருடம். முப்பத்திரண்டு வயதில் வேறு என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை.

வியாழன் பின்னேரம் வந்து இறங்கினேன். சின்னம்மா முதியோர் இல்லத்தில் வேலை முடித்த சீருடையோடு விமான நிலையத்துக்கே வந்திருந்தார். அம்மாவின் தங்கை. இருபத்தைந்து வருடமாக ரொறன்ரோவில் இருக்கிறார். ராகு காலம் பார்க்காமல் எதையும் தொடங்கமாட்டார். வீடு வாங்கக் கையெழுத்து வைக்கும்போது வக்கீலை நாற்பது நிமிடம் காக்க வைத்தவர் என்று எங்கள் குடும்பத்தில் பெயர். காரில் ஏறியதும் முதல் கேள்வி, "எத்தினை மணிக்குப் பிளேன் தரை தட்டினது?" நான் சொன்னேன். மனதுக்குள் ஏதோ கணக்குப் பார்த்துவிட்டு, "ஓம், பரவாயில்லை" என்றார்.

பதினோராம் மாடியில் வீடு. குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் பிளாசாக் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த மாதக் கலண்டர் தொங்கியது. ரொறன்ரோ சூரியனுக்குக் கணித்தது. ஊரில் ராகு காலம் ஒன்றரை மணித்தியாலம். இங்கே கோடையில் ஒன்பது மணிவரைக்கும் வெளிச்சம் இருப்பதால் ராகுவும் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் நிற்கிறார். "கனடாவில ராகுவுக்கும் ஓவர்டைம்" என்றாள் சின்னம்மாவின் மகள் அபி. இங்கேயே பிறந்தவள், இருபத்து நாலு வயது. சின்னம்மா சிரிக்கவில்லை.

வெள்ளி காலை மாநாடு. என்னுடைய வேலை பெரியது ஒன்றுமில்லை. ஆளுயரச் சுவரொட்டி ஒன்றில் என் கிணறுகளை வரைந்துகொண்டு அதன் பக்கத்தில் நிற்க வேண்டும், யாராவது கேட்டால் விளக்க வேண்டும். சுருட்டிய சுவரொட்டியை நீண்ட குழாயில் வைத்து பஸ்ஸில் ஏறினேன். சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கிப் படியில் பாதி தூரம் போனபின்தான் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. குழாய் பஸ்ஸில் போய்விட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் ஐந்து நிமிடமாவது படியிலேயே நின்றிருப்பேன். பின்னால் யாரோ கத்தும் சத்தம் கேட்டது. கட்டட வேலைச் சப்பாத்தும் மஞ்சள் மேற்சட்டையுமாக ஒரு மனிதர் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். மூச்சு வாங்கியது. "உங்களுடையதுதானே? நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி ஓடிவந்தேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் வாயைத் திறக்குமுன் திரும்பிவிட்டார். அவருடைய பஸ் போய்விட்டிருக்கும், வேலைக்கும் பிந்தியிருப்பார். ஊரில் பஸ்ஸில் குடையை விட்டாலே திரும்பி வராது என்று சொல்ல நினைத்தேன். ஆனால் ஊரில் எனக்காக ஓடிவந்தவர்களும் இருக்கிறார்கள், அதனால் அந்த ஒப்பீட்டை விட்டுவிடுகிறேன்.

அந்தக் குழாய் வந்ததால்தான் மற்றதெல்லாம் நடந்தது. பதினொரு மணிபோல ஒரு பெண் என் சுவரொட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். உயரம், வெயிலில் சிவந்த மூக்கு, கழுத்தில் தொங்கிய அட்டையில் மரைக்கா என்ற பெயரும் நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகமும். ஒவ்வொரு வரைபடமாகப் பத்து நிமிடம் படித்தாள். பிறகு கேட்டாள்:

"இவ்வளவு கிணற்றையும் யார் அளந்தது?"

"நாங்கள்" என்றேன்.

"எத்தனை பேர்?"

கொஞ்சம் யோசித்து உண்மையைச் சொன்னேன். "நான் ஒருத்திதான்."

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். மத்தியானம் பக்கத்தில் இருந்து சாப்பிட்டோம். சின்னம்மா ஐஸ்கிரீம் டப்பாவில் இடியப்பமும் சம்பலும், இன்னொன்றில் சொதியும் கட்டித் தந்திருந்தார். அவள் பையில் இருந்து வந்தது இரண்டு துண்டு பாண், நடுவில் ஒரு சீஸ் தகடு. "இதுதான் எங்கள் மத்தியானச் சாப்பாடு, தினமும்" என்றாள். எங்கள் நாட்டையே ஆள வந்த ஒல்லாந்தர் இதைத் தின்றுவிட்டா வந்தார்கள் என்று எனக்கு ஆச்சரியம். பாதி இடியப்பத்தைக் கொடுத்தேன். சம்பலில் கண்ணீர் வந்தது, ஆனாலும் விடவில்லை. எங்கள் ஊரில் அலுவலகத்தைக் கந்தோர் என்போம், அது உங்கள் ஆட்கள் விட்டுப்போன சொல் என்றதும் வாயில் சொதியோடு சிரித்தாள்.

நான் மூன்று வருடமாக நெதர்லாந்துப் பேராசிரியர்களுக்கு இடம் கேட்டு மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். பெருமதிப்புக்குரிய ஐயா என்று தொடங்கி, தாழ்மையுடன், தங்கள் மேலான வழிகாட்டலின் கீழ் என்று ஒரே கடிதத்தை நூறு பேருக்காவது அனுப்பியிருப்பேன். இரண்டே இரண்டு பேர்தான் பதில் எழுதினார்கள், இரண்டும் மன்னிக்கவும்.

மரைக்கா முள்ளுக்கரண்டியை வைத்தாள். "எங்கள் நாட்டில் கலாநிதிப் படிப்பு ஒரு வேலை. மாணவர் இடம் என்று ஒன்றை யாரும் கையில் வைத்துக்கொண்டு இருப்பதில்லை. ஆய்வுத் திட்டத்துக்குப் பணம் வந்தால் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் வேலைக்கு ஆள் தேவை என்று போடுவார்கள். சம்பளம், விடுமுறை, ஒப்பந்தம் எல்லாம் இருக்கும். அந்த விளம்பரத்துக்கு, அந்த வேலைக்கு மட்டும், ஒரு பக்கக் கடிதம் எழுத வேண்டும்." பிறகு தன் போனை எடுத்துக் காட்டினாள். அவளுடைய குழுவிலேயே ஓர் இடம். கடலோர நிலத்தடி நீரில் உப்பு. செவ்வாய்க்கிழமை இரவு பதினொன்று ஐம்பத்தொன்பதோடு முடிகிறது. "தேர்வுக்குழுவில் நான் இல்லை, என்னால் உதவ முடியாது. ஆனால் நீங்கள் விண்ணப்பிக்காவிட்டால் அது முட்டாள்தனம்" என்றாள். ஒல்லாந்தர் எதையும் சுற்றி வளைக்காமல் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். முகத்துக்கு நேரே கேட்கும்போது கொஞ்சம் சுட்டது, கூடவே சந்தோஷமாகவும் இருந்தது.

சனிக்கிழமை மாநாடு முடிந்தது. ஞாயிறு பிக்கரிங்கில் ஒரு வீட்டில் சாப்பாடு. சின்னம்மா வீட்டாருக்குப் பழைய கூட்டாளி, எல்லாருக்கும் அவர் பிக்கரிங் அங்கிள். ஸ்காபரோப் பிளாசாவில் சின்னக் கந்தோர் வைத்து டிக்கெட், வரி, கடவுச்சீட்டு, குடிவரவுப் படிவம் எல்லாம் நிரப்பிக் கொடுக்கிறவர். ஆட்டிறைச்சிக் கறி, புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல் என்று மேசை நிறைந்திருந்தது. நான் விண்ணப்பம் பற்றிச் சொன்னதுதான் தாமதம், அங்கிள் தொடங்கிவிட்டார்.

"கனடாவில இல்லாத யூனிவர்சிட்டியே, பிள்ளை? ஒல்லாந்தர் எங்கட ஊரில கோட்டையைக் கட்டிப்போட்டுப் போனவங்கள். இப்ப நீ போய் அவங்களுக்குக் கிணறு கிண்டிக் குடுக்கப் போறியோ?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே கறியைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினேன். படிப்புக்குச் சம்பளம் தருகிறார்கள் என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "படிக்கிறதுக்குச் சம்பளமோ? அப்ப உது நல்ல அலுவல்தான். எப்ப முடியுது?"

"செவ்வாய்."

"படிவம் எண்டால் கடைசி நாள் வரைக்கும் வைச்சிருக்கக் கூடாது. என்ரை முப்பது வருச அனுபவத்தில சொல்லுறன்." எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னார். நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை அபி வீட்டிலிருந்து வேலை செய்தாள். இடையில் என் கடிதத்தைப் படித்துவிட்டு நெற்றியில் கை வைத்தாள்.

"அக்கா, சீரியஸ்லி? இதில நீங்களே இல்லை. அண்டர் த கைடன்ஸ் ஒஃப், வித் த பிளெசிங்ஸ் ஒஃப்... இது வெடிங் கார்ட் மாதிரி கிடக்கு."

"நான் செய்தன், நான் செய்தன் எண்டு எழுத ஒரு மாதிரிக் கிடக்கு, அபி."

"நீங்கதானே செய்தனீங்கள்? தென் சே இட்!"

ஒன்பது தடவை எழுதினோம். கடைசியில் முதல் வரி இப்படி வந்தது: நான் மூன்று வருடங்களாக யாழ்ப்பாணத்தில் நூற்றுப் பன்னிரண்டு கிணறுகளின் உப்பை அளந்து வருகிறேன். அதை எழுதிவிட்டு, யாரோ பார்த்துவிடுவார்கள் போல, திரையைக் கொஞ்சம் மூடி வைத்தேன். வெட்கமாக இருந்தது. என் துறைத் தலைவர் இதைக் கண்டால் என்ன நினைப்பார் என்று யோசித்தேன். பிறகு அவர் ஒரு கிணற்றையும் எட்டிப் பார்த்ததில்லை என்பது ஞாபகம் வந்தது.

செவ்வாய் வந்தது. அபி வேலைக்குப் போய்விட்டாள். சின்னம்மா எனக்காக லீவு எடுத்திருந்தார். படிவத்தின் எல்லாப் பெட்டிகளையும் நிரப்பிவிட்டேன். கடிதம், சுயவிவரம், புள்ளிச் சான்றிதழ் மூன்றையும் ஒரே கோப்பாகச் சேர்த்து ஏற்றி, பொத்தானை அழுத்துவதுதான் மிச்சம். ஐந்து மணிக்குச் சின்னம்மா தேத்தண்ணியோடு வந்து நின்றார்.

"அனுப்பியாச்சோ?"

"இன்னும் ஒருக்கா வாசிச்சுப் பாக்கிறன், சின்னம்மா."

கலண்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "அஞ்சு பதினொண்டுக்கு ராகு காலம் தொடங்குது. ஏழு ஆறுக்குத்தான் முடியுது. அதுக்கு முதல் அனுப்பு, இல்லாட்டி ஏழு தாண்டி அனுப்பு. இடையில வேண்டாம்."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஐந்து நாளாக அவர் கட்டித் தந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு ராகுவோடு விவாதம் செய்ய மனம் வரவில்லை. நள்ளிரவு வரைக்கும் நேரம் இருக்கிறதுதானே என்று நினைத்தேன். நான் வாசித்து முடிப்பதற்குள் ஐந்து பதினொன்று கடந்துவிட்டது. "பரவாயில்லை, ஏழரைக்கு அனுப்பலாம். வா, பிளாசாவுக்குப் போட்டு வருவம். அம்மாவுக்குச் சாமான் வாங்க வேணும்" என்றார். மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு பஸ் ஏறினோம்.

பிளாசாவில் மரக்கறிக் கடை. சின்னம்மா எலுமிச்சம்பழத்தை ஒவ்வொன்றாக எடுத்து மணந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் போன் முணுமுணுத்தது. மரைக்கா. "அனுப்பிவிட்டீர்களா? இன்னும் அரை மணித்தியாலம்தான் இருக்கிறது."

அரை மணித்தியாலமா? மணியைப் பார்த்தேன். ஐந்து இருபத்தொன்பது. பதினொன்று ஐம்பத்தொன்பது என்பது நெதர்லாந்து இரவு. ரொறன்ரோவுக்கு அது பின்னேரம் ஐந்து ஐம்பத்தொன்பது. ஊரிலிருந்து விண்ணப்பித்துப் பழகியவள் நான். எங்கள் மணிக்கூடு அவர்களுடையதைவிட மூன்றரை மணித்தியாலம் முன்னால் ஓடும். அங்கே நள்ளிரவு என்றால் எங்களுக்கு விடியப்புறம், எப்போதும் கொஞ்ச நேரம் கூடுதலாகக் கிடைக்கும். அந்தப் பழக்கத்தில் நேர வித்தியாசத்தைப் பற்றி நினைக்கவேயில்லை. உப்பைப் பத்தாயிரத்தில் ஒரு பங்குவரை அளக்கிறவள், மணியைப் பார்க்கவில்லை.

"சின்னம்மா" என்றேன். "நேரம் முடியுது. ஆறு மணியோட முடியுது. கொம்பியூட்டர் வீட்டில."

அவர் கையில் ஓர் எலுமிச்சம்பழம். என்னைப் பார்த்தார். கடைச் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். வீடு வாங்கும்போது வக்கீலைக் காக்க வைத்த மனுஷி. அழுகை முட்டிக்கொண்டு வர, "ராகு காலம், சின்னம்மா" என்றேன் நானே.

"ராகு கிடக்கட்டும். நட!"

எலுமிச்சம்பழப் பையையும் என் கையையும் சேர்த்துப் பிடித்து இழுத்துக்கொண்டு நாலு கடை தள்ளியிருந்த பிக்கரிங் அங்கிளின் கந்தோருக்குள் புகுந்தார். அங்கே ஓர் அன்ரி கதிரையில் இருந்து படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, எழும்புங்கோ. பிள்ளைக்கு அவசரம்."

அங்கிளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் கேலி செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு எழுந்து தன் கதிரையை என் பக்கம் தள்ளினார். படிவக்கார அன்ரி, "என்ரை அலுவல் நாளைக்கும் செய்யலாம், நீர் இரும்" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார். அவரை நான் முன்பின் பார்த்ததில்லை.

மின்னஞ்சலில் அபிக்கு அனுப்பியிருந்த கோப்புகள் இருந்தன. இறக்கினேன், ஒன்றாகச் சேர்த்தேன், ஏற்றினேன். கோப்பு பெரிது என்று சிவப்பு எழுத்தில் வந்தது. மறுபடி ஏற்றினேன். மறுபடி சிவப்பு. மணி ஐந்து நாற்பத்து நாலு. மூன்றாவது தடவையும் அதே கோப்பையே தேடத் தொடங்கினேன்.

"விலகு பிள்ளை" என்றார் அங்கிள். "உதுதான் என்ரை தொழில்." குனிந்து நின்றபடியே என்னவோ திறந்தார், எதையோ அழுத்தினார். முப்பது வருடமாக அகதிகளின் படிவத்தையும் திருமணச் சான்றிதழையும் அரசாங்கத்தின் பெட்டிக்குள் அடங்கும்படி சுருக்கிச் சுருக்கி அனுப்பியவர். என் புள்ளிச் சான்றிதழ் அவருக்கு ஒரு விஷயமே இல்லை. "இப்ப ஏத்து."

ஏற்றினேன். பச்சை விழுந்தது. பொத்தானை அழுத்தினேன். உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, நன்றி என்று திரையில் வந்தது. மணி ஐந்து ஐம்பத்தொன்று. ராகு காலத்தின் நட்டநடு.

பிறகு அங்கிள், "நான் ஞாயிற்றுக்கிழமையே சொன்னனான்" என்றார். நான் அழுதுவிட்டேன். அந்த அன்ரி தன் பையிலிருந்து ஒரு மட்டன் ரோல்ஸ் எடுத்துக் கையில் வைத்தார். அதையும் அழுதுகொண்டே சாப்பிட்டேன். சூடு, நல்ல உறைப்பு.

சின்னம்மா மட்டும் முகம் இறுகி நின்றார். எனக்குப் பயமாக இருந்தது, மனம் ஒடிந்துவிட்டாரோ என்று. திடீரென்று கேட்டார்:

"அண்ணை, கார் நிக்குதோ? கோயிலில இறக்கி விடுங்கோ. கெதியாய்."

கோயில் வெளியிலிருந்து பார்த்தால் சாமான் களஞ்சியம் போல இருந்தது. உள்ளே துர்க்கையம்மன். செவ்வாய்க்கிழமை ராகு காலத்தில்தான் துர்க்கைக்கு எலுமிச்சம்பழ விளக்கு ஏற்றுவார்கள். சின்னம்மா பழத்தைப் பாதியாக வெட்டிப் பிழிந்து, தோலைத் திருப்பி, நெய் விட்டுத் திரி வைத்தார். இரண்டு மணித்தியாலத்துக்கு முன் ராகு காலம் என்று என்னைத் தடுத்தவர் இப்போது, "இன்னும் பதினாறு நிமிசம் கிடக்கு, முடியிறதுக்குள்ள ஏத்து" என்று அவசரப்படுத்தினார். நான் ஏற்றினேன். நம்பிக்கை இல்லாதவள்தான். ஆனால் அன்று கும்பிட்டபோது மனதார நன்றி சொன்னேன். யாருக்கு என்று கேட்டால், அந்த நேரத்தில் முன்னால் நின்றது மஞ்சள் மேற்சட்டைக்காரர்தான்.

புதன்கிழமை விமானம் ஏறினேன். இரண்டு பெட்டி நிறைய அம்மாவுக்குச் சாமான்.

ஓகஸ்டில் நேர்காணல், காணொளியில். ஐந்து பேர். கிணறுகளைப் பற்றியே கேட்டார்கள். யார் அளந்தது என்று ஒருவர் கேட்டார். "நான்" என்றேன், இந்த முறை யோசிக்காமல். செப்டெம்பர் கடைசியில் மின்னஞ்சல் வந்தது. உங்களுக்கு இந்த வேலையைத் தருவதில் மகிழ்ச்சி அடைகிறோம். மூன்று தடவை வாசித்தேன். அம்மாவுக்குச் சொன்னேன். அடுத்தது ரொறன்ரோ. அங்கே காலை, போனை எடுத்தது அபி. செய்தியைக் கேட்டதும் அவள் போட்ட சத்தத்தில் என் காது அடைத்துவிட்டது.

"அம்மா குளிக்கிறா, அக்கா. வெயிட், உங்களுக்கு ஒண்டு காட்டுறன்." ஒரு படம் அனுப்பினாள். குசினிச் சுவர், குளிர்சாதனப் பெட்டி, பக்கத்தில் கலண்டர். செப்டெம்பர் கடைசி, கலண்டரில் இன்னும் ஜூலை. அந்தச் செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில், ராகு காலம் 5.11 – 7.06 என்று அச்சடித்ததற்குக் கீழே, சின்னம்மாவின் குண்டு எழுத்து: பிள்ளை 5.51க்கு அனுப்பினது.

"ஒருத்தரையும் தாளைப் பிரட்ட விடேல்லை, அக்கா. பிள்ளைக்கு மறுமொழி வரட்டும் எண்டிட்டா. டூ மந்த்ஸ் இந்த வீட்டில ராகு காலமே இல்லை. புதுக் கார்கூட அப்படியே போய் எடுத்தவ."

அப்போது சின்னம்மா வந்து போனை வாங்கிவிட்டார். அபி ஏற்கனவே கத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

"கிடைச்சிட்டுதோ?" என்றார்.

"ஓம், சின்னம்மா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு தாள் சரசரத்தது. ஒன்று. இன்னொன்று.

"நிண்டுகொள்ளு பிள்ளை, வைச்சிடாதை" என்றார். "நீ எப்ப அங்கை போக வேணும்? நாள் பாத்துச் சொல்லுறன்."